காரின் ஒல்லி ஸ்டெப்னி தேய்ந்துவிட்டால் டயரை மட்டும் மாற்றினால் போதுமா, வீலோடு சேர்த்து மாற்ற வேண்டுமா?

வீலில் துருவோ நெளிவோ இல்லையென்றால் டயரை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் இப்போது இருக்கும் அதே அளவில், அதே வகை டயரைத்தான் போட வேண்டும்.

டெக்சாஸில் ஓடும் உங்கள் சிறிய செடானின் நான்கு சக்கரங்களிலும் 195/65R15 91H டயர்கள் இருக்கின்றன, டிக்கியில் இருப்பது T135/80D15 99M என்று எழுதியிருக்கிறீர்கள். பஞ்சரான டயருக்கு மாற்று வாங்காமல் ஸ்டெப்னியிலேயே பல வாரங்கள் ஓட்டியதால் அதன் பட்டன், அதாவது சாலையில் படும் வரிப்பள்ளங்கள் உள்ள மேற்பகுதி, தேய்ந்து, பக்கச்சுவரிலும் வெடிப்பு கண்டிருக்கிறது. அந்த வீலில் சாதாரண டயர் ஒன்றைப் போட்டுவிடலாமா, பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்தில் ஒரு ஸ்டெப்னியை வாங்கிவிடலாமா என்பவை உங்கள் மற்ற கேள்விகள்.

முதலில் டயரில் இருக்கும் எழுத்துகளைப் பார்ப்போம், ஏனென்றால் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. T என்பது தற்காலிகப் பயன்பாட்டுக்கான டயர் என்பதைச் சொல்கிறது. 135 என்பது மில்லிமீட்டரில் அதன் அகலம். D என்பது அது ரேடியல் அல்ல, குறுக்கு இழை வைத்துக் கட்டிய டயர் என்பதைக் குறிக்கிறது. 99 என்ற சுமைக் குறியீட்டுக்கு 775 கிலோ என்று பொருள், ஆனால் உங்கள் வழக்கமான டயரின் 91-க்கு 615 கிலோதான். இவ்வளவு ஒல்லியான டயர் காரின் எடையைத் தாங்குமா என்று பலரும் ஐயப்படுகிறார்கள். உண்மையில் இது அதிகமாகவே தாங்கும், ஆனால் 60 பிஎஸ்ஐ, அதாவது 4.2 பார் காற்று உள்ளே இருக்கும்போது மட்டும். டிக்கியில் கிடந்து கிடந்து காற்று 30-க்கு இறங்கிவிட்ட ஸ்டெப்னிக்கு அந்த வலு கிடையாது. அதே போல M என்பது மணிக்கு 130 கிலோமீட்டர் வரையான வேகக் குறியீடு என்றாலும், வீலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர் என்றுதான் சொல்லும். ஓட்டும்போது கணக்கில் கொள்ள வேண்டியது அந்த ஸ்டிக்கரைத்தான், ஏனென்றால் இந்த டயரின் பட்டன் புதிதாக இருக்கும்போதே ஆழம் குறைவு, சாலையைப் பிடிக்கும் பரப்பும் குறுகியது.

அந்த வீலில் சாதாரண டயர் போடவே கூடாது. அதன் ரிம் பெரும்பாலும் 4 அங்குல அகலம்தான். வீலின் உட்புறத்தில் 15x4T என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம். 195/65R15 டயருக்குக் குறைந்தது 5.5 அங்குல ரிம் வேண்டும். ஒல்லியான வேறொரு டயரைத் தேடிப் போடலாமே என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. 15 அங்குலத்தில் அப்படிக் கிடைப்பது பழைய ஸ்மார்ட் ஃபார்ட்டூ போன்ற குட்டிக் கார்களுக்கு வந்த 145/65R15 போன்ற டயர். அதன் சுமைக் குறியீடு 72, அதாவது 355 கிலோ. எஞ்சின் முன்னால் இருக்கும் ஒரு செடானின் முன்சக்கரத்துக்கு அது பற்றாது, அதன் உயரமும் உங்கள் ஸ்டெப்னியைவிடக் குறைவு. ஸ்டெப்னி டயரைச் சாதாரண வீலில் போடக் கூடாது, ஸ்டெப்னி வீலில் சாதாரண டயரைப் போடக் கூடாது என்று கார்களின் கையேடுகளிலேயே எச்சரித்திருப்பார்கள்.

சரியான டயர் எங்கே கிடைக்கும் என்பதில்தான் பலரும் சோர்ந்துபோகிறார்கள். பிரிட்ஜ்ஸ்டோன், யோகோஹாமா, மேக்ஸிஸ், கான்டினென்டல் போன்ற நிறுவனங்கள் இந்த வகை டயர்களைச் செய்கின்றன, ஆனால் டயர் கடையின் அடுக்கில் இவை இருப்பது அரிது. என் கேம்ரிக்கு மாற்ற வேண்டிவந்தபோது முதலில் கேட்ட கடையில், இது தனியாகவே வராது, வீலோடுதான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த கடையில், டயரில் இருந்த அளவை அப்படியே எழுதிக் கொடுத்ததும் வரவழைத்துத் தந்தார்கள். பூட்டும் கூலியைத் தவிர்த்துப் பார்த்தால் நூறு டாலரை ஒட்டித்தான் ஆனது. ஆகவே ‘ஸ்டெப்னி டயர் இருக்கிறதா’ என்று பொதுவாகக் கேட்காமல், T-யில் தொடங்கி M வரைக்கும் முழு அளவையும் சொல்லிக் கேளுங்கள். கார் நிறுவனத்தின் உதிரிபாகப் பிரிவிலும் கேட்கலாம்.

பணம் கொடுக்கும் முன் டயர் தயாரான தேதியையும் கேட்டுவிடுங்கள். பக்கச்சுவரில் DOT எனத் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மெதுவாக விற்கும் சரக்கு என்பதால் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த டயரும் புது டயர் என்ற பெயரில் வந்து சேரலாம். பட்டன் தேயாவிட்டாலும் 6 முதல் 10 ஆண்டுகளுக்குள் டயரை மாற்றிவிட வேண்டும் என்று சில கார் நிறுவனங்களும் டயர் நிறுவனங்களும் சொல்கின்றன, ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும். டெக்சாஸ் கோடையில் மூடிய டிக்கிக்குள் ஏறும் சூட்டில் ரப்பர் இன்னும் விரைவாகக் காய்ந்து போகும். பட்டன் முழுதாக இருந்திருந்தால்கூட, பக்கச்சுவரின் அந்த வெடிப்புக்காகவே உங்கள் டயரை மாற்றச் சொல்லியிருப்பேன்.

இதனால்தான் பழைய கார்களை உடைக்கும் இடத்தில் ஸ்டெப்னி வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே கிடைப்பதும் பெரும்பாலும் அந்தக் காரோடு பிறந்த டயராகவே இருக்கும்; பட்டன் பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. உங்கள் வீலே துருப்பிடித்துக் கெட்டுப்போயிருந்தால் வீலுக்காக அங்கே போகலாம், ஆனால் நட்டுகளின் எண்ணிக்கை ஒத்துப்போனாலே பொருந்திவிடும் என்று எண்ண வேண்டாம். ஹோண்டா அக்கார்டு, டொயோட்டா கேம்ரி ஆகிய இரண்டிலும் ஐந்து நட்டுகள், நட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டமும் இரண்டிலும் 114.3 மில்லிமீட்டர். ஆனால் நடுத்துளை ஹோண்டாவில் 64.1, டொயோட்டாவில் 60.1 மில்லிமீட்டர். டொயோட்டா வீல் ஹோண்டாவின் அச்சில் ஏறாது. ஹோண்டா வீல் டொயோட்டாவில் ஏறினாலும் நடுவில் இறுகி உட்காராது. பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரில் வீலின் உட்புறம் உரசாமல் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. எந்த வீலை வாங்கினாலும் முன்சக்கரத்தின் இடத்தில் மாட்டி, நட்டுகளை இறுக்கி, கையால் ஒரு முழுச்சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

டயரைப் பூட்டும்போது முடிந்தால் அருகில் நில்லுங்கள். டிக்கியின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால், டயரின் விளிம்பு ரிம்மில் அமரும் இடத்தில் துரு படிந்திருக்கும். அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைக்காவிட்டால் காற்று மெல்ல மெல்லக் கசியும். வால்வையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். கார்களில் வழக்கமாக வரும் ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரை தாங்கும், 60-க்கு அது போதும். சோப்புத் தண்ணீர் தடவிக் காற்று ஏற்றும்போது டயரின் இரு விளிம்புகளும் ‘பட்’ என்ற ஓசையோடு ரிம்மில் உட்காரும். இதற்கு 40 பிஎஸ்ஐ-க்கு மேல் போகக் கூடாது, நன்றாக உட்கார்ந்த பிறகுதான் 60-க்கு ஏற்ற வேண்டும். கடைக்காரர்கள் பழக்க தோஷத்தில் மற்ற டயர்களைப் போலவே 32, 35 என்று நிறுத்திவிடுவதுண்டு, ஆகவே 60 என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சில நாள் கழித்து மறுபடி அளந்தால் கசிவு இருந்தால் தெரிந்துவிடும்.

இனி ஓட்டும் விதம். உங்கள் சாலை டயரின் விட்டம் ஏறத்தாழ 634 மில்லிமீட்டர், ஸ்டெப்னியின் விட்டம் 597. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஸ்டெப்னி சுமார் 30 சுற்றுகள் கூடுதலாகச் சுற்ற வேண்டும். அதை எஞ்சின் இழுக்கும் முன்சக்கரத்தில் மாட்டினால், இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பற்சக்கரங்கள் நேர்ச்சாலையிலும் ஓயாமல் ஒன்றோடொன்று சுழன்றுகொண்டே இருக்கும். திருப்பத்திலும் பிரேக் பிடிக்கும்போதும் கார் ஒரு பக்கமாக இழுக்கும். முன்சக்கரம் பஞ்சரானால், பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டுவிட்டு ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டுங்கள். ஜாக்கி வேலை இருமடங்காகும், ஆனாலும் அடுத்த ஊர் தொலைவில் இருந்தால் அந்த உழைப்பு வீண்போகாது. மேற்கு டெக்சாஸில் ஐ-10 நெடுஞ்சாலையின் பல பகுதிகளில் வேக வரம்பு மணிக்கு 80 மைல். அங்கே 50-இல் ஊர்ந்து போவதே ஆபத்து என்பதால், வலது ஓரத்தில் எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு போய், முதல் வெளியேறும் வழியிலேயே பக்கச்சாலைக்கு இறங்கிவிடுங்கள். இந்த மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் தனியார் கார்களுக்கு ஆண்டுப் பாதுகாப்புப் பரிசோதனையும் கிடையாது. டயர்களின் நிலையைப் பார்த்துக்கொள்வது முழுக்கவே நம் பொறுப்பாகிவிட்டது.

ஸ்டெப்னியே வேண்டாம், பசையும் சிறு கம்ப்ரெஸரும் அடங்கிய பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டால் போதாதா என்றும் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். பட்டன் பகுதியில் ஆணி குத்திய சிறு ஓட்டைக்கு அது போதும். பக்கச்சுவர் கிழிந்தாலோ, குழியில் விழுந்து ரிம் நெளிந்தாலோ அந்தப் பசையால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. கம்ப்ரெஸரை மட்டும் தனியாக வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள். 60 பிஎஸ்ஐ வரை ஏற்றக்கூடியதா என்று பார்த்து வாங்கினால், ஸ்டெப்னியின் காற்று குறையும்போதும் அதுவே உதவும்.