நாட்டைக் காக்க நினைக்கும் பெண்ணைக் கணக்குத் தணிக்கை படிக்க விடுங்கள்

பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் மகளின் மேற்படிப்பைப் பற்றி ஆலோசனை கேட்க ஒரு தாயும் தகப்பனும் என்னிடம் வந்திருந்தார்கள். பெண் தேசப் பாதுகாப்புத் துறையில்தான் வேலை செய்வேன் என்கிறாள். வெளிநாட்டில் பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பியல் படிக்க வைத்தே ஆகவேண்டும் என்று பெரியப்பா நெருக்குகிறார். அதற்காக வீட்டை அடமானம் வைக்கலாமா என்று தகப்பனார் கேட்டார். பதற வேண்டாம், நேரம் இருக்கிறது என்றுதான் முதலில் சொன்னேன். பேசப் பேச, ஆறுதல் சொல்லி அனுப்பினால் அது தவறு என்று பட்டது.

வீட்டை அடமானம் வைக்காதீர்கள். பாதுகாப்பு தொடர்பான அரசு வேலைகளை எந்த நாடும் பெரும்பாலும் தன் குடிமக்களுக்குத்தான் தரும். வெளிநாட்டில் படித்த பெண்ணுக்கு அங்கே அந்தக் கதவு திறக்காது. ஊர் திரும்பினால் தேர்வு எழுதித்தான் உள்ளே போக வேண்டும். அந்தத் தேர்வுக்குப் பட்டத்தின் பெயர் ஒரு மதிப்பெண்ணும் சேர்க்காது. கடன் மட்டும் கூடவே வரும்.

அப்புறம் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். "எந்தச் செய்தியைப் படித்தாலும் பணம் எங்கே போச்சு என்றுதான் முதலில் கேட்பாள்" என்றார் அம்மா, குறையாக. பள்ளி விழாக் கணக்கில் ஒரே ரசீது இரண்டு முறை ஏறியிருந்ததைக் கண்டுபிடித்தவளும் அவள்தானாம். அம்மா, இது குறையே இல்லை. அவளுக்கு ஏற்ற வேலை பொதுத்துறைக் கணக்குத் தணிக்கை, அதாவது அரசுப் பணம் சரியாகச் செலவானதா என்று சரிபார்ப்பது. ராணுவம், காவல்துறை, சட்டம் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

தணிக்கைக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று தகப்பனார் கேட்டார். 2014 ஜூனில் இராக்கின் மொசூல் நகரம், அங்கிருந்த ராணுவத்தைவிட எண்ணிக்கையில் மிகச் சிறிய ஐ.எஸ். பயங்கரவாதப் படையிடம் சில நாட்களில் விழுந்தது. அந்த நவம்பரில் பிரதமர் ஹைதர் அல் அபாதி நாடாளுமன்றத்தில் சொன்னார்: சம்பளப் பட்டியலில் இருந்த 50,000 சிப்பாய்கள் உண்மையில் இல்லவே இல்லை. அவர்கள் பெயரில் வந்த சம்பளம் மேலே இருந்தவர்கள் பைக்குப் போனது. இராக்கில் அவர்களை 'விண்வெளிக்காரர்கள்' என்று அழைப்பார்கள். ஆப்கானிஸ்தானிலும் இதே நோய். அங்கே செலவான பணத்தைக் கண்காணிக்க அமெரிக்க நாடாளுமன்றம் 2008-ல் அமைத்த தணிக்கை அமைப்பு, ஆப்கன் படையின் எண்ணிக்கையை நம்ப முடியவில்லை என்று பல ஆண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தது. 2021 ஆகஸ்ட் 15-ல் தலைநகர் காபூல் தாலிபான்களிடம் வீழ்ந்தது. காரணம் இது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இல்லாத சிப்பாய் எந்த எல்லையிலும் நிற்க மாட்டான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 2023 ஜனவரியில், போருக்கு நடுவே, உக்ரைன் ராணுவத்துக்கு முட்டை ஒன்றுக்கு 17 ஹிரிவ்னியா (அந்நாட்டு நாணயம்) என்று ஒப்பந்தம் போட்டிருப்பது பத்திரிகையில் வந்தது. கடை விலை 7. பாதுகாப்புத் துறைத் துணை அமைச்சர் பதவி விலகினார். ஆயுதமல்லாத கொள்முதலின் விலைகளை வெளியிட வேண்டும் என்று அந்த ஆண்டே சட்டம் வந்தது. போர் நேரத்தில் இப்படிக் குறைகளை வெளியே சொல்வது போரைப் பலவீனப்படுத்தும் வேலை என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. திருட்டைச் சட்டம் தட்டிக்கேட்கிறது என்று தெரிந்தால்தான் மக்கள் வரி கட்டுவார்கள், பிள்ளைகளைப் படைக்கு அனுப்புவார்கள்.

சரி, வேலை எப்படி இருக்கும்? சம்பளப் பட்டியலையும் வருகைப் பட்டியலையும் வங்கிக் கணக்குகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவாள். ஒரே கணக்கு எண்ணில் மூன்று பேருக்குச் சம்பளம் போனால் அங்கே நிற்பாள். கிடங்குக்கு நேரில் போய், இருப்புப் பதிவேட்டில் உள்ள காலணிகள் அலமாரியில் இருக்கின்றனவா என்று எண்ணுவாள். ஒரே ஒரு நிறுவனம் மட்டும் விண்ணப்பித்த டெண்டர் ஏன் செல்லுபடியானது என்று எழுத்தில் கேட்பாள். பதில் வராவிட்டால் தணிக்கைத் தடை எழுதுவாள், அதாவது இந்தச் செலவை ஏற்க முடியாது என்று பதிவு செய்வாள். செலவு சரியா என்பதோடு முடியாது. வாங்கிய ரேடார் வேலை செய்கிறதா என்று பார்க்கும் செயல்திறன் தணிக்கையும் உண்டு. பல நாடுகளில் அறிக்கை நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். அப்படி ஒரு குழுவை பிரிட்டன் 1861-லேயே அமைத்தது. தணிக்கையாளர் யாரைத் தணிக்கை செய்கிறாரோ அவருக்குக் கட்டுப்பட்டவராக இருக்கக் கூடாது என்று 1977-ல் பெரு நாட்டின் லிமாவில் கூடிய உலகத் தணிக்கை அமைப்புகள் பிரகடனமே செய்தன.

இதற்குக் கணக்கியலோ புள்ளியியலோ உள்ளூரிலேயே படிக்கலாம். கூடவே நிர்வாகச் சட்டத்தின் அடிப்படையும், தரவுகளைக் கணினியில் அலசும் பழக்கமும் வேண்டும். அதன் பிறகு தன் நாட்டுத் தணிக்கைத் துறையின் தேர்வு.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. தணிக்கையாளர் யாரையும் கைது செய்ய முடியாது. உழைத்து எழுதிய அறிக்கை வருடக்கணக்கில் கிடப்பில் கிடக்கலாம். நிறைய ஊர் சுற்ற வேண்டும். பெரியப்பா சபையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் பெரிதாக ஒன்றும் இருக்காது. அவருடைய பெருமைக்காக நீங்கள் கடனாளியாக வேண்டாம். தேவையென்றால் அவரிடம் நானே பேசுகிறேன்.

இந்த விடுமுறையில் பாதுகாப்புக் கொள்முதல் பற்றிய ஒரு தணிக்கை அறிக்கையை இணையத்தில் எடுத்து அவளிடம் கொடுங்கள். இருபது பக்கத்துக்குள் பென்சிலை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தால், அவளை அழைத்துக்கொண்டு வாருங்கள். கொட்டாவி விட்டாலும் அழைத்து வாருங்கள். வேறு வழி பார்ப்போம். ஆனால் அதுவரை வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.