ஒட்டுண்ணியை மால்டி-டாஃப் காட்டிக்கொடுக்குமா?

கேள்வி: ஆய்வக நுட்பப் படிப்பு மாணவி நான். பாக்டீரியாவின் பெயரை மால்டி-டாஃப் கருவி சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது. குடிநீரில் வரும் ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளுக்கு மட்டும் ஏன் இன்னும் மைக்ராஸ்கோப்பைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

பதில்: கருவியின் மேல் குறை இல்லை அம்மா. அதற்குக் கொடுக்கச் சரக்கு கிடைப்பதுதான் கஷ்டம்.

எஃகுத் தகட்டில் துளி பாக்டீரியாவைத் தடவி, மேலே மேட்ரிக்ஸ் என்ற, லேசர் ஒளியை உறிஞ்சும் கரைசல் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுவோம். படிகமாகும்போது அது செல்லின் புரதங்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். லேசர் பட்டதும் அவை மின்னூட்டத்தோடு வெற்றிடக் குழாயில் பறக்கும். லேசானது முந்தும், கனமானது பிந்தும். அந்த நேரக் கணக்கிலிருந்து வரும் 2,000 முதல் 20,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரையிலான வரைபடச் சிகரங்களைக் கணினி தன் நூலகத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்கிறது. நூலகத்தில் பெரும்பாலும் பாக்டீரியாவும் ஈஸ்டும்தான்.

சரி, ஒட்டுண்ணிகளையும் சேர்த்துவிடலாம். எண்ணிக்கைக்கு எங்கே போவது? பாக்டீரியா ஒரே இரவில் தட்டில் காலனியாகிவிடும். கிரிப்டோஸ்போரிடியம் தட்டில் வளராது. அதற்கு உயிருள்ள செல் வேண்டும். 10 லிட்டர் நீரை வடிகட்டினாலும் விரல்விட்டு எண்ணுமளவு ஊசிஸ்ட் (கெட்டி ஓட்டுக்குள் இருக்கும் அதன் தொற்று வடிவம்) சிக்கினாலே பெரிது, அதுவும் சேறு, பாசியோடு. மால்டிக்கு இது போதவே போதாது. ஆனால் ஒருவரைப் படுக்கவைக்கச் சுமார் 10 ஊசிஸ்டே போதும். என்னை உறுத்துவது இந்த இடைவெளிதான்.

அதனால்தான் எதிர்ப்புரதம் பூசிய காந்தமணிகளால் ஊசிஸ்டைப் பிரித்து, ஒளிரும் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறோம். பச்சையாக மின்னும் 4 முதல் 6 மைக்ரான் வட்டத்தைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும். அப்போதும் கிரிப்டோஸ்போரிடியத்தின் பார்வம், ஹோமினிஸ் இனங்கள் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், பிரித்தறிய பி.சி.ஆர். என்ற டி.என்.ஏ. சோதனை தேவை.

நெக்லேரியா, அகாந்தமீபா கதை வேறு. இந்த அமீபாக்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பெருக்கலாம், மால்டியில் வைத்து இனம் காணலாம். ஆர்வமிருந்தால் உங்கள் ப்ராஜெக்டை இங்கே தொடங்குங்கள்.

அப்புறம் ஒன்று. கோலிஃபார்ம் (நீர் மாசைக் காட்டும் பாக்டீரியா வகை) இல்லை என்ற அறிக்கையைப் பார்த்து ஒட்டுண்ணியும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். கோலிஃபார்மைக் கொல்லும் குளோரினுக்கு கிரிப்டோஸ்போரிடியம் அசையாது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் சுமார் 4 லட்சம் பேரை அது நோயில் தள்ளியது, குளோரின் கலந்த குழாய்நீர் வழியாகத்தான். ஒட்டுண்ணிச் சோதனையைத் தனியாகவே கேட்டு வாங்க வேண்டும்.