தங்கை திருமண நேரலை: 50 சந்தாதாரர் தடை

நாளை மறுநாள் தங்கையின் முகூர்த்தம், புதிய யூடியூப் சேனலில் கைபேசி வழியாக நேரலை செய்ய முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கைபேசிச் செயலிக்கு 50 சந்தாதாரர்களாவது வேண்டும். மடிக்கணினியில் ஓபிஎஸ் (OBS) என்ற நேரலை மென்பொருள் மூலம் அனுப்பினால் அந்த நிபந்தனை இல்லை. ஆனால் முதன்முறை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். இதைப் படித்தவுடன் கைபேசி எண்ணைச் சரிபார்த்து அனுமதி கேட்டுவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு அதைவிட மண்டபத்து இணையம்தான் கவலை. கூட்டம் சேர்ந்தால் டவர் திணறும். இன்றே அங்கே போய்ப் பதிவேற்ற வேகத்தைச் சோதியுங்கள். 720பி படத்தரம் தாராளம். நொடிக்கு 3 மெகாபிட் அனுப்ப, பதிவேற்ற வேகம் 6 மெகாபிட்டாவது இருக்கட்டும். ஓபிஎஸ்ஸில் பதிவையும் சேர்த்தே ஓடவிடுங்கள். இணைப்பு அறுந்தாலும் தாலி கட்டும் காட்சி கணினியில் பத்திரமாக இருக்கும். கனடாவில் விழித்திருக்கும் உங்கள் அத்தைக்கு மந்திரம் தெளிவாகக் கேட்க, ஒலியை மண்டபத்து மைக்குகள் இணைந்திருக்கும் மிக்சர் கருவியிலிருந்தே எடுங்கள்.