பழைய பாக்ஸ்புரோ பில்லிங்கை விட்டு மாறுவது எப்படி?

மதுரை கீழமாசி வீதியில் மொத்த மளிகைக் கடை, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து பாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிய பில்லிங், புதிய கம்ப்யூட்டரில் அதையே ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைய கம்ப்யூட்டர்களில் வரும் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டிக்காட்டும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு ஓட்டலாம்தான். ஆனால் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால், 2023 ஆகஸ்ட் முதல் வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது அரசு தளத்தில் பில்லைப் பதிவு செய்வது, கட்டாயம். அதற்காகப் பழையதில் ஒட்டுப்போடுவது தண்டச் செலவு.

டேட்டா போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். பாக்ஸ்புரோ டேட்டாவைச் சேமித்து வைக்கும் டிபிஎஃப் (.dbf) கோப்புகளை, எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கால்க் திறக்கும். தலைவலி சரக்குப் பெயர்களில்தான். பழைய எழுத்துருவில் அடித்த தமிழை, எல்லாக் கம்ப்யூட்டரிலும் படிக்க முடிகிற யூனிகோடாக மாற்றாவிட்டால் கிறுக்கலாகத் தெரியும். போதாக்குறைக்கு 'து.பருப்பு', 'துவரை', 'துவரம்பருப்பு 50' என்று ஒரே சரக்கு மூன்று பெயரில் கிடக்கும். இதைச் சரிசெய்யாமல் ஏற்றினால் இருப்புக் கணக்கு முதல் நாளே உதைக்கும். இந்த வேலைக்கு உங்கள் கணக்குப்பிள்ளைதான் சரி. மென்பொருள் கம்பெனிப் பையனுக்கு எது எதுவென்று தெரியாது.

அப்புறம், கிட்டங்கியில் துண்டுச் சீட்டில் எழுதி, சாயங்காலம் கடையில் பில் போடும் வழக்கம் இருந்தால் அதையும் மாற்றுங்கள். சரக்கு ஏறும் இடத்திலேயே பதிவாக வேண்டும்.

புதுக் கணக்காண்டு தொடங்கும் ஏப்ரல் 1 மாறுவதற்குத் தோதான நாள். தீபாவளி நெருக்கத்தில் வேண்டவே வேண்டாம். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.