‘ஆள் கிடைக்கல’ என்கிற கடையில் உங்களுக்கு ஏன் வேலை இல்லை?

கேள்வி: நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம். பி.கொம். முடித்து இரண்டு வருடம். பதினான்கு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். இரண்டு இடத்தில் மட்டும்தான் கூப்பிட்டார்கள். ஆனால் மட்டக்களப்பு, கல்முனை எங்கே போனாலும் கடைக் கண்ணாடியில் ‘ஆட்கள் தேவை’ என்று ஒட்டியிருக்கிறது. கேட்டால், “இந்தக் காலத்தில ஆள் புடிக்கிறதுதான் பெரிய பாடு” என்கிறார்கள் முதலாளிமார். நாடே நொந்து கிடக்கிற நேரத்தில் ஆள் இல்லாமல் எப்படிப் போகும்? இப்போது நகரில் ஒரு துணிக்கடையில் கணக்கு வேலை வந்திருக்கிறது. மாதம் 32,000 ரூபா, காலை 9 மணியிலிருந்து இரவு 8 மணி வரை, ஞாயிறு லீவு. அப்பா “கிடைச்சதைப் புடி மகள்” என்கிறார். மேசனுக்குக் கையாளாகப் போகும் அண்ணன் “வேணாம்” என்கிறார். என்ன செய்யட்டும்?
— வாசகி, மட்டக்களப்பு மாவட்டம்

பதில்: முதலாளிமார் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், தங்கச்சி. அவர்கள் சொல்வதில் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது. ‘இந்தச் சம்பளத்துக்கு, இந்த நேரத்துக்கு, இந்த இடத்துக்கு வர ஆள் இல்லை’ என்பதுதான் முழு வசனம். அதில் எது உண்மையான தட்டுப்பாடு, எது சம்பளத்தை ஏற்ற மனமில்லாத புலம்பல் என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: அந்த வேலைக்கான சம்பளம் கடந்த இரண்டு வருடத்தில் நகர்ந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். தக்காளிக்குத் தட்டுப்பாடு வந்தால் சந்தையில் விலை ஏறும். ஆளுக்குத் தட்டுப்பாடு என்று ஊரெல்லாம் சொல்லியும் சம்பளம் இருந்த இடத்திலேயே இருந்தால், அங்கே குறைவது ஆள் அல்ல.

இந்தச் சோதனையில் தேறுகிற வேலைகள் நம்ம பக்கத்தில் இல்லாமல் இல்லை. ஏ.சி., பிரிஜ் திருத்துபவர், தரை ஓடு பதிப்பவர், கனரக வாகன லைசன்ஸ் உள்ள சாரதி, ஹோட்டல் சமையற்காரர் ஆகியோருக்குக் கேட்ட சம்பளத்தைக் கொடுத்தும் ஆள் கிடைப்பதில்லை. 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். கையில் தொழில் உள்ளவருக்குத்தான் முதலில் விசா கிடைக்கும். ஒருவர் கட்டாருக்குப் போன இடத்தை அடுத்த மாதமே நிரப்ப முடியாது; நல்ல ஏ.சி. மெக்கானிக் ஒருவரை உருவாக்க இரண்டு வருடமாவது பிடிக்கும். வேலை பழக்கினால் பழகினதும் போய்விடுவான் என்று பயந்து யாரும் பழக்குவதுமில்லை. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாரும் அப்படியே நினைத்தால் தட்டுப்பாடு எப்போது தீரும்?

கடையில் நிற்க, பில் போட, கணக்கு எழுத, பொதி கட்ட ஆள் இல்லை என்பது வேறு கதை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. பிறகு அது இறங்கியது என்றால் விலை ஏறும் வேகம்தான் இறங்கியது. ஏறின விலை ஏறினதுதான். சம்பளம் அந்த அளவுக்கு ஏறவில்லை. அதனால் முன்பு கட்டுப்படியான வேலை இப்போது கட்டுப்படியாவதில்லை. முதலாளிக்கும் அப்போது சுகமில்லை: 2023 மார்ச்சில் மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியே 16.5 வீதம், நாம் வங்கிக்குப் போனால் அதற்கும் மேலே. மூன்று பேரை நிறுத்திவிட்டு அந்த மூன்று வேலையையும் ஒரே விளம்பரத்தில் போட்டார்கள். கணக்கு தெரிய வேண்டும், கம்ப்யூட்டர் தெரிய வேண்டும், சிங்களம் பேச வேண்டும், மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் வேண்டும், இரண்டு வருட அனுபவம் வேண்டும். இத்தனையும் உள்ளவர் அந்தச் சம்பளத்துக்கு ஏன் வரப்போகிறார்?

வேலையில்லாதவரும் வெற்றிடமும் ஒரே ஊரில் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும் என்ற உங்கள் கேள்வி சின்னக் கேள்வி இல்லை. அதை ஆராய்ந்ததற்காகத்தான் 2010இல் டயமண்ட், மோர்டென்சன், பிசாரிடிஸ் என்ற மூவருக்கும் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். 2009இல் அமெரிக்காவில் ஒரு வெற்றிடத்துக்கு ஆறு வேலையற்றவர்கள் இருந்தபோதும் ‘தகுதியான ஆள் இல்லை’ என்ற முறைப்பாடு ஓயவில்லை. நம் நாட்டு வேலையின்மை 4, 5 வீதம்தான் என்று பத்திரிகையில் வருவதைப் பார்த்தும் குழம்ப வேண்டாம். கணக்கெடுப்புக்கு முந்திய கிழமையில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தவரும் அதில் வேலையுள்ளவர்தான்; தேடிக் களைத்து வீட்டில் இருந்துவிட்ட பெண் வேலையற்றவர் பட்டியலிலேயே வரமாட்டார்.

இனி அந்தத் துணிக்கடை. 32,000இல் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) உங்கள் பங்கு 8 வீதம், 2,560 ரூபா. பஸ்ஸுக்குப் போக வர 200 ரூபா என்று வைத்தால் 26 நாளைக்கு 5,200. கையில் மிஞ்சுவது 24,240. கடையில் 11 மணித்தியாலம், பாதையில் இரண்டு, ஆக நாளுக்கு 13. மாதம் 338 மணித்தியாலம். பிரித்துப் பாருங்கள்: மணிக்கு 72 ரூபா கூட இல்லை. அதுவும் இரவு எட்டுக்குப் பிறகு மண்முனைப் பாலம் தாண்டிப் போக பஸ் இருந்தால்தான். உங்கள் படுவான்கரைப் பக்கமிருந்து ஆள் வருவதில்லை என்று குறைப்படுகிற நகரத்துக் கடைக்காரர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு தடவை விசாரித்துவிட்டுக் குறைப்பட்டால் நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது? கடை, அலுவலக ஊழியருக்கு நாளுக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம். மேலதிக நேரம் கிழமைக்கு 12ஐத் தாண்டக்கூடாது. சாப்பாட்டு நேரம் ஒரு மணித்தியாலம் கழித்தாலும் இந்தக் கடையில் 60 வருகிறது. கூடுதல் 15. மேலதிக நேரச் சம்பளம் (ஓ.ரி.) கணக்கு இப்படி: மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்து ஒன்றரையால் பெருக்குங்கள். 32,000க்கு மணிக்கு 200 ரூபா. சட்டம் விடுகிற 12 மணித்தியாலத்துக்கே கிழமைக்கு 2,400, நாலு கிழமைக்கு 9,600. அந்த 9,600ஐக் கொடுக்கிற கடை கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்ட வேண்டி வராது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. ஆகவே பி.கொம். படித்த உங்களுக்குத் தருவது சட்டத்தின் அடிமட்டத்தைவிட வெறும் 2,000 கூட.

அண்ணன் சொல்வதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அவருடைய கூலி நாளுக்கு 2,500 என்று வைத்தாலும் 14 நாள் போனால் 35,000 வரும், சரிதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாரியில் கட்டட வேலை எத்தனை நாள் நடக்கும்? மாதச் சம்பளத்தில் முதலாளி போடும் சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதி (ஈ.ரி.எப்.) 3 வீதமும் சேர்ந்து 32,000க்கு 4,800 ரூபா. நாட்கூலியில் அது கண்ணுக்குத் தெரியாமல் போகிற காசு.

உங்களுடைய பன்னிரண்டு விண்ணப்பங்களுக்குப் பதில் வராததற்கு வேறு காரணம் இருக்கலாம். பட்டதாரி என்றாலே, ‘அரசாங்க நியமனம் வந்தால் அடுத்த நாளே போய்விடும்’ என்ற எண்ணம் நம்ம பக்கத்து முதலாளிமாருக்கு. 2020இல் பட்டதாரிப் பயிலுனர் நியமனம் வந்தபோது பல இடங்களில் அப்படித்தான் நடந்தது. அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே பேச்சை எடுங்கள். “போவதென்றால் ஒரு மாதம் முன்பே சொல்லி, கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன்” என்று சொல்லி, அதையே நியமனக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். நாலு பக்க சுயவிவரத்தைத் தபாலில் அனுப்புவது சின்னக் கடைகளுக்குச் சரிவராது. ஒரு பக்கத்தோடு நேரில் போங்கள். கடை திறக்கிற நேரமும், காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது என்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரமும் வேண்டாம்.

கையில் ஒரு பொருளும் கொண்டுபோக வேண்டும். 2024 ஜனவரியில் வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதமானது. அதற்குப் பதிய வேண்டிய வருட விற்பனை எல்லை 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனுக்கு இறங்கியது. மில், ஹார்ட்வெயார், மொத்தக் கடை என்று புதிதாக அதற்குள் மாட்டியவர்களுக்குக் கணக்கு ஆள் உண்மையிலேயே தேவை. எக்செல்லில் ஒரு மாதக் கொள்வனவு, விற்பனைப் பட்டியலை மாதிரிக்குச் செய்து, விற்பனை வற்றிலிருந்து கொள்வனவு வற்றைக் கழித்து, கட்ட வேண்டியது எவ்வளவு என்று காட்டுங்கள். சான்றிதழைவிட அந்த ஒரு தாள் பேசும். சம்மாந்துறை அரிசி மில்களை அறுவடைக்கு முன்பும், பாசிக்குடா ஹோட்டல்களை ஏப்ரலில் சீசன் தொடங்குவதற்கு முன்பும் கேட்டுப் பாருங்கள்.

துணிக்கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: கணக்கு வேலைக்கு இரவு எட்டு வரை நிற்கத் தேவையில்லை, ஐந்தரைக்கு விடுவீர்களா? இல்லையென்றால் ஓ.ரி. எழுதுவீர்களா? முன்பு இருந்தவர் ஏன் போனார்? மூன்றாவது கேள்விக்கு முகம் மாறினால் அதுவும் பதில்தான். 32,000இல் அடிப்படை எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு என்றும் பாருங்கள். அடிப்படைக்கு மட்டும் சேமலாப நிதி கட்டுவது சில இடங்களில் வழக்கம். சாப்பாட்டுக் கொடுப்பனவுக்கும் கட்ட வேண்டும், ஓ.ரி.க்குத்தான் தேவையில்லை. ஐந்தரைக்கு விட்டால் இந்தச் சம்பளத்துக்கே சேரலாம், ஒரு வருட அனுபவம் கிடைக்கும். எட்டு மணியும் ஓ.ரி. இல்லாமலும் என்றால் அப்பாவிடம் மேலே உள்ள 72 ரூபாக் கணக்கைக் காட்டுங்கள்.

சேர்ந்தால் ஓ.எல்., ஏ.எல்., பட்டச் சான்றிதழ் எதன் மூலப்பிரதியையும் கடையில் ஒப்படைக்க வேண்டாம். சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதி போதும். மூன்றாம் மாதச் சம்பளம் எடுத்ததும் அடையாள அட்டையோடு தொழில் அலுவலகத்துக்குப் போய், உங்கள் பெயரில் சேமலாப நிதிக் காசு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் முறைப்பாடு கொடுக்கிற இடமும் அதுதான். சம்பளச் சிட்டை மூன்றையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.