உறுப்பு மாற்றுக்குப் பின் நெறிக்கட்டி: பெட் சிடி பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சிறுநீரக மாற்று செய்து எட்டு மாதம் ஆகிறது. கழுத்தில் நெறிக்கட்டி, விட்டுவிட்டுக் காய்ச்சல். பிடிஎல்டி (உறுப்பு மாற்றுக்குப் பின் நிணநீர் செல்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்) சந்தேகம் என்று பெட் சிடி ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சாதாரண சிடி போதாதா டாக்டர்?

பதில்: சிடி காட்டுவது அளவையும் வடிவத்தையும். முடிச்சுக்குள் என்ன நடக்கிறது என்பதை அது அதிகம் சொல்லாது. பெட்டுக்கு ஏற்றும் எஃப்டிஜி, கதிரியக்க ஃபுளோரின் 18 சேர்த்த சர்க்கரை. வேகமாகப் பெருகும் செல்கள் அதை உறிஞ்சி ஒளிரும். எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும்போது, எப்ஸ்டீன் பார் வைரஸ் புகுந்த பி செல்கள் தடுக்க ஆளில்லாமல் பெருகுவதுதான் பெரும்பாலான பிடிஎல்டி. அது குடல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை, மாற்றிய உறுப்பு என எங்கும் போகும். அதனால் உடல் முழுவதையும் ஒரே தடவையில் பார்ப்பது நல்லது.

உங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. எஃப்டிஜி சிறுநீரில் வெளியேறுவதால் அடிவயிற்றில் வைத்த சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும் தாமாகவே பளிச்சென்று தெரியும். அந்தச் சிறுநீரகத்துக்குள் ரத்தக் குழாய்கள் நுழையும் இடத்தில் கட்டி இருந்தால் அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடலாம். அங்கே அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐயும் கேளுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் கூடியிருந்தால் சிடி கான்ட்ராஸ்ட் மருந்து போடும் முன் சொல்லிவிடுங்கள். எஃப்டிஜியால் சிறுநீரகத்துக்குக் கெடுதல் இல்லை.

கேள்வி: ஸ்கேனுக்கு முன் என்ன செய்ய வேண்டும்? சர்க்கரை உண்டு, மெட்ஃபார்மின் எடுக்கிறேன்.

பதில்: ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். முந்தின நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம், தசை ஒளிரும். ரத்தச் சர்க்கரை 200க்குக் கீழ் இருக்க வேண்டும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு இது ஏறியே இருக்கும். மெட்ஃபார்மின் குடலை ஒளிரச் செய்து உண்மையான குடல் கட்டியை மறைக்கும். உங்கள் டாக்டரிடம் கேட்டு 48 மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல் ஓய்வு.

கேள்வி: எஸ்யுவி (எஃப்டிஜியை எவ்வளவு உறிஞ்சியது என்ற எண்) 9 என்று வந்திருக்கிறது. கேன்சரா?

பதில்: எண்ணை வைத்து மட்டும் சொல்ல முடியாது. கட்டியின் திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி தேவை.

கேள்வி: என் அப்பாவுக்கு 6.4. பயப்படலாமா?

பதில்: மேலே உள்ள பதில்தான். எடை, ரத்தச் சர்க்கரை, காத்திருந்த நேரம், எந்த இயந்திரம் என்பதை வைத்தே அந்த எண் மாறும்.

கேள்வி: இதை ஏற்க முடியவில்லை. எண் 10க்கு மேல் இருந்தால் மோசமான வகை என்று படித்தேன். கட்டி வயிற்றின் ஆழத்தில் இருக்கிறது. பயாப்ஸி இல்லாமலே பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தைத் தொடங்கக் கூடாதா?

பதில்: கூடாது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு வரும் காசநோய் நெறிக்கட்டியும் பூஞ்சைத் தொற்றும் இதே அளவு ஒளிரும். காசநோய் பரவலாக உள்ள நம் ஊரில் இதை மறக்கவே முடியாது. அதை லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று) என்று நினைத்து மருந்து ஏற்றினால் தொற்று கட்டுமீறும். ரிட்டுக்சிமாப், மேற்பரப்பில் சிடி20 என்ற புரதம் உள்ள செல்லைத்தான் தாக்கும். அது இருக்கிறதா என்பதை ஸ்கேன் சொல்லாது, திசுதான் சொல்லும். பிடிஎல்டியில் திசுவை அழிக்காதது, பாலிமார்பிக், மோனோமார்பிக், ஹாட்ஜ்கின் என்று வகைகள் உண்டு, சிகிச்சையும் வேறுபடும். ஒரே ஆளின் இரண்டு கட்டிகளே வேறு வகையாக இருக்கலாம்.

ஆழத்தில் இருப்பதால்தான் பெட் உதவுகிறது: அதிகம் ஒளிர்வதில் எளிதாக எட்டக்கூடியதைத் தேர்ந்து முழு முடிச்சையே எடுக்கலாம், முடியாவிட்டால் தடித்த ஊசியால் துண்டு. மெல்லிய ஊசியால் உறிஞ்சும் எஃப்என்ஏசியில் செல்களின் அமைப்பு தெரியாது. அது மட்டும் போதாது.

கேள்வி: கல்லீரல் மாற்றிய 3 வயதுக் குழந்தை. டான்சில் ஒளிர்கிறது. இரவெல்லாம் குறட்டை.

பதில்: அம்மா, குழந்தைகளுக்கு டான்சில் இயல்பாகவே ஒளிரும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகவோ, குறட்டை புதிதாகவோ இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இந்த வாரமே காட்டுங்கள். கொடையாளருக்கு எப்ஸ்டீன் பார் இருந்து குழந்தைக்கு இல்லாமலிருந்தால் ஆபத்து கூடுதல்.

கேள்வி: தலைவலி, வாந்தி. பெட்டில் மூளை நார்மல் என்கிறார்கள்.

பதில்: மூளை எப்போதும் சர்க்கரையை உண்பது, அதனால் கட்டி தெரியாமல் போகலாம். கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ எடுங்கள். தாமதிக்காதீர்கள்.

கேள்வி: சிகிச்சைக்குப் பின் எடுத்த பெட்டில் டாவில் மதிப்பெண் (மீதி ஒளியை 1 முதல் 5 வரை அளப்பது) 3 என்று போட்டிருக்கிறது.

பதில்: கட்டியின் ஒளி கல்லீரலின் ஒளியைத் தாண்டவில்லை என்று பொருள். பெரும்பாலும் நல்ல பலன் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: எஸ்யுவி 12...

பதில்: பயாப்ஸி.