கோப்பை வென்ற கால்பந்து அணி ஏன் சேர்ந்தே இருப்பதில்லை?

"ஜெயித்த பதினொரு பேரையும் அப்படியே வைத்துக்கொண்டால் இன்னும் நாலு கோப்பை வாங்கலாமே, பணத்தாசையால்தானே பிரிந்து போகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் சொல்லி ஆட்டக்காரர்களைத் திட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெரும்பாலும் ஒரு அணியை ஜெயிக்க வைத்த காரணங்களேதான் அதைக் கலைக்கவும் செய்கின்றன.

நெதர்லாந்து கிளப்பான அயாக்ஸின் 1995 அணியை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த அணி. மே 24 அன்று வியன்னாவில் ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிப்போட்டி, எதிரே இத்தாலியின் ஏ.சி. மிலான். 85ஆவது நிமிடத்தில் ரைக்கார்ட் தட்டிவிட்ட பந்தை க்ளைவர்ட் கோலாக்குகிறார், 1-0. பந்தைக் கொடுத்தவருக்கு வயது 32, கோல் போட்டவருக்கு 18. க்ளைவர்ட்டுக்கு அது பெரியவர்கள் அணியில் முதல் சீசன், ரைக்கார்டுக்கு அதுதான் கடைசி சீசன், அந்தக் கோடையிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அதாவது அந்தக் கோலைப் போட்ட இரண்டு பேரும் ஒரே அணியில் இருந்தது ஒரே ஒரு வருடம். அனுபவசாலி இரண்டு மூன்று பேர், பயமறியாத இளைஞர்கள் மிச்சம் என்ற கலவைதான் அந்த அணியின் பலம். ஆனால் அப்படிப்பட்ட கலவை இயல்பாகவே நீடிக்காது. மூத்தவர்களுக்கு உடம்பு ஒத்துழைக்காது, இளையவர்களுக்கோ ஐரோப்பா முழுக்க விலை ஏறிவிடும்.

அப்புறம் சட்டம். அதுவரை ஒப்பந்தம் முடிந்துபோன ஆட்டக்காரரைக்கூட அவருடைய பழைய கிளப்புக்கு டிரான்ஸ்பர் தொகை கொடுத்துத்தான் அடுத்த கிளப் வாங்க வேண்டும். பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடிய போஸ்மான் என்பவர் பிரான்சில் டன்கெர்க் அணிக்குப் போக முடியாமல் இதில் மாட்டிக்கொண்டு வழக்குப் போட்டார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது: ஒப்பந்தம் முடிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தொகை இல்லாமலே போகலாம், ஒன்றிய நாடுகளின் ஆட்டக்காரர்களுக்கு 'வெளிநாட்டவர் இத்தனை பேர்தான்' என்ற வரம்பும் செல்லாது. ஒரு தொழிலாளியாகப் பார்த்தால் முழுக்க நியாயமான தீர்ப்பு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சொந்தப் பயிற்சிக்கூடத்தில் பையன்களை வளர்த்து ஆளாக்கும் அயாக்ஸ் மாதிரி கிளப்புக்கு அது பேரிடி. டேவிட்ஸும் ரைசிகரும் 1996இல், க்ளைவர்ட் 1997இல், ஒரு பைசா வராமல் மிலானுக்குப் போனார்கள். ஆம், வியன்னாவில் தோற்ற அதே மிலானுக்கு. சீடோர்ஃப் அதற்கு முன்பே சாம்ப்டோரியா போயாயிற்று, கானு இண்டருக்கு, ஃபினிடி ஜார்ஜ் பெட்டிஸுக்கு, ஓவர்மார்ஸ் ஆர்சனலுக்கு. பயிற்சியாளர் வான் காலே 1997இல் பார்சிலோனாவுக்குக் கிளம்பிவிட்டார். 1999 கோடை முடிவதற்குள், வியன்னாவில் முதலில் களமிறங்கிய பதினொரு பேரில் ஒருவர்கூட அயாக்ஸ் அணியில் இல்லை.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, போன இடத்தில் என்ன ஆனது என்பது. மிலான் அந்த அணியிலிருந்து பொகார்டையும் சேர்த்து நாலு பேரை எடுத்தும் இத்தாலி லீகில் 1996-97இல் 11ஆவது இடம், அடுத்த சீசனில் 10ஆவது. நாலு பேருமே அங்கே நிலைக்கவில்லை. பிறகு பார்சிலோனாவில் வான் கால் தன் பழைய ஆட்களில் ஆறு பேரை ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார், டி போர் சகோதரர்கள், லிட்மானன் உட்பட. ஸ்பெயின் லீக் பட்டம் இரண்டு முறை கிடைத்தது, ஆனால் சாம்பியன்ஸ் லீக் கிடைக்கவே இல்லை. ஆட்களைத் திரும்பச் சேர்க்க முடிகிறது, அந்த வயதையும் அந்தப் பசியையும் சேர்க்க முடிவதில்லை.

சரி, கலையாமல் வைத்திருந்தால்? இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. 2015-16இல் 81 புள்ளிகளோடு அந்நாட்டு முதல்நிலை லீகான பிரீமியர் லீகில் சாம்பியன். வழக்கமாக ஆடிய பதினொரு பேரில் அந்தக் கோடையில் போனது கான்டே ஒருவர்தான். வார்டிக்கு ஆர்சனல் வலை வீசியும் அவர் போகவில்லை, மஹ்ரேஸும் இருந்தார். அடுத்த சீசனில் 44 புள்ளி, 12ஆவது இடம், பிப்ரவரியிலேயே பயிற்சியாளர் ரனியேரியை நீக்கிவிட்டார்கள். கான்டே செல்சிக்குப் போய் அங்கே மறுபடி சாம்பியன் ஆனார். முதல் வருடம் எதிரணிகள் லெஸ்டரை அலட்சியமாக நினைத்து ஏறி வந்து ஆட, பின்னால் கிடைத்த வெட்டவெளியில் வார்டி ஓடினார். அடுத்த வருடம் எல்லோரும் உஷாராகிவிட்டார்கள், அந்த வெட்டவெளி கிடைக்கவில்லை, நடுக்களத்தில் இரண்டு ஆள் வேலையைத் தனியாகப் பார்த்த கான்டேயும் இல்லை, வார நடுவில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் வேறு. அதே ஆட்கள் இருந்தாலும் அதே அணி இருக்காது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. போர்ச்சுகலின் போர்ட்டோ 2004 வேறு வகை: சாம்பியன்ஸ் லீக் கோப்பை வாங்கிய அதே கோடையில் பயிற்சியாளர் மொரின்யோவும் இரண்டு டிஃபென்டர்களும் செல்சிக்கு, டெக்கோ பார்சிலோனாவுக்கு. அங்கே நடந்தது நேரடியாகப் பணம், விளக்கம் தேவையில்லை.

விதிவிலக்கு ரியல் மாட்ரிட். 2017, 2018 இரண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியிலும் அவர்கள் இறக்கியது அச்சு அசலாக அதே பதினொரு பேர், இரண்டிலும் வெற்றி. அவர்களால் முடிந்ததற்குக் காரணம், அதைவிடப் பெரிய இடம் என்று ஆட்டக்காரர்கள் போக ஒன்றும் இல்லை. ஆனால் அங்கேயும் 2018 இறுதிப்போட்டி முடிந்து ஒரு வாரத்துக்குள் பயிற்சியாளர் ஜிடான் விலகினார், ஜூலையில் ரொனால்டோ யுவென்டஸுக்குப் போனார். மற்றவர்களை அவர்கள் ஒரேயடியாக விடவில்லை, ஒவ்வொரு இடமாக மாற்றினார்கள். 2022இல் மறுபடி கோப்பை வென்றபோது முதலில் இறங்கியவர்களில் பழைய ஆட்கள் ஐந்து பேர்: கார்வஹால், காசெமிரோ, குரூஸ், மோட்ரிச், பென்ஸிமா. 2024 கோப்பைக்கு வரும்போது அந்த ஐவரில் கார்வஹாலும் குரூஸும்தான் முதல் பதினொன்றில், மோட்ரிச் பெஞ்சிலிருந்து வந்தார்.